காணாமற்போன விமானமும் காஞ்சியில் கேட்ட அளவையும்

மணிமேகலையைப் பாடமாக நடத்துவோர் அதன் இருபத்தேழாம் காதைக்கும் இருபத்தொன்பதாம் காதைக்கும் வரும்போது சற்றே விரைந்து நடப்பது வழக்கம். சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை, தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை ஆகிய இவ்விரண்டிலும் கதையோட்டம் மிகக் குறைவு. அளவை நூற் செய்திகளே மிகுதி. மாணவர் பத்து அளவைகளின் பெயரை நெட்டுருச் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவர். ஒரு செய்தியை நம்பலாமா, நம்பலாம் எனில் எந்த அளவிற்கு என்ற வினாவை இத்துணை விரிவாக எழுப்பிய பழந்தமிழ்ப் பகுதி வேறொன்றில்லை என்பது என் துணிபு. அதனை இக்காலத்து நிகழ்ச்சியொன்றின்மேல் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வஞ்சி நகரில் அளவைவாதி மணிமேகலைக்குப் பத்து அளவைகளைக் கூறுகின்றான். காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம், மீட்சி, உள்ளநெறி என்பன அவை. அதே மணிமேகலை கச்சி மாநகர் புகுந்து அறவண அடிகளிடம் தருமம் கேட்கும்போது அவர் பத்தையும் ஏற்கவில்லை. காட்சி, அனுமானம் என இரண்டே போதும், ஏனையவை அனுமானத்துள் அடங்கும் என்று சுருக்கிவிடுகின்றார். இவ்விரண்டளவைக் கொள்கையை நிலைநாட்டிய திக்நாகர் காஞ்சியைச் சார்ந்த ஊரொன்றில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும். (இச்செய்தியே பத்தனுள் ஐதிகம் என்னும் வகையைச் சார்ந்தது என்பதை வட்டத்து அன்பர்கள் புன்முறுவலுடன் குறித்துக்கொள்வார்களாக. நம் ஊர்ப்பெருமை என்பதற்காக எடையைக் கூட்டிச் சொல்லுதல் ஆகாது.)

அளவைகளோடு அளவைப் பிழைகள் எட்டனையும் சாத்தனார் வகுத்துக் காட்டுகின்றார். தறியோ மனிதனோ என மயங்குவது ஐயம். இப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக்கோடல். ஆராயாமல் தறியை மனிதனே எனத் துணிவது தேராது தெளிதல். கண்முன் நின்றதைக் கண்டும் இன்னதென்று அறியாதது கண்டுணராமை. காரணம் ஏதுமின்றிப் பிறர் சொன்னதைக் கொண்டே கருதுவது நினைப்பு. எஞ்சிய மூன்றும் ஈண்டு வேண்டா.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். ஏனாத்தூரிலிருந்து தாம்பரம் நெடுந்தொலைவன்று. அங்குள்ள விமானப்படைத் தளத்திலிருந்து 2016-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள் காலை 8.30 மணிக்கு ஏ.என்.-32 வகை விமானமொன்று போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. போர் விமானம் அன்று. ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் செல்லும் போக்குவரத்து விமானம். ஓட்டும் குழுவினர் 6 பேர், பயணிகள் 23 பேர், ஆக 29 பேர் அதில் இருந்தனர். விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆயுதக்கிடங்கில் பணியாற்றிய படைசாராத ஊழியர் எண்மரும் அவருள் அடங்குவர். 9.12 மணியளவில், சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தொலைவில், 23,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த அவ்விமானம் இடப்புறம் திரும்பி விரைவாக உயரம் இழந்ததை ரேடார் காட்டியது. அதன்பின் ஒன்றுமில்லை. அபாயக் குரல் எழவில்லை. எந்த அலைவரிசையிலும் சொல் வரவில்லை. நீருக்கடியிலிருந்து ஒலியெழுப்பி இடங்காட்டும் கருவியும் அவ்விமானத்தில் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

ஆகவே தொடக்கத்திலேயே இருந்த சான்று இரண்டுதான்: ஒரு திரையில் தோன்றிய இறுதிப் புள்ளி, அதற்குப் பின் நீண்ட மௌனம். முதலாவதைக் காட்சி எனலாம். முழுக் காட்சியன்று, கருவியின் வழிவந்த காட்சி. இரண்டாவது அபாவம், அதாவது இன்மை. இன்மையையும் ஓர் அளவையாக நம் முன்னோர் எண்ணினர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆனால் உற்றார் உறவினரிடம் போய் 'இன்மையே சான்று' என்று எவ்வாறு சொல்வது?

அந்த வெற்றிடத்தில் தோன்றிய முதற் சான்று கைப்பேசி. காணாமற்போனோருள் ஒருவருடைய கைப்பேசி சில நாள் கழித்தும் ஒலித்ததாக வீட்டார் சொன்னதைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று கருதுவதற்கு ஒரு காரணமும் இல்லை. எண்ணை அழுத்தினார்கள், காதில் மணியோசை கேட்டது. கேட்டது உண்மை. அதிலிருந்து 'அங்கே கருவி ஒலிக்கின்றது' என்று கொண்டதே திரியக்கோடல். அழைப்பவர் காதில் விழும் மணியோசையைத் தருவது எதிர்முனைக் கருவியன்று, இடையிலுள்ள தொலைபேசி வலையமைப்பு. அழைக்கப்பட்ட கருவி எங்கிருக்கின்றது என்று அது தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலும் அழைப்பவருக்கு மணியோசை கேட்பதுண்டு. இப்பி வெள்ளிபோல் மின்னியது. மின்னல் பொய்யன்று, வெள்ளிதான் இல்லை.

இதே மணியோசை அதற்கு இரண்டாண்டு முன்னரும் உலகோரை அலைக்கழித்தது. 2014 மார்ச் 8-ஆம் நாள் நள்ளிரவு கடந்து 12.42 மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து 239 பேருடன் பெய்ஜிங் புறப்பட்ட மலேசியப் பயணிகள் விமானம் எம்.எச்.370 மறைந்தபோதும், பயணிகளின் கைப்பேசி ஒலிக்கின்றது என்று சீன உறவினர் பலர் முறையிட்டனர். இந்தியர் ஐவர் அதில் இருந்தனர். நம் வங்கக்கடல் நிகழ்ச்சியில் சான்றுகள் மிகச் சில. அங்கோ சான்றுகள் வெள்ளமாய்ப் பெருகின. பொய்ச்சான்றும் மெய்ச்சான்றும் எப்படிக் கலந்து வரும் என்பதற்கு அதனினும் சிறந்த பாடநூல் இல்லையாதலின் சற்று விரித்துரைக்க வேண்டியதாகின்றது.

அவ்விமானத்திலிருந்து வந்த இறுதிச் சொல் யாது? 'ஆல் ரைட், குட் நைட்' என்றே அதிகாரிகள் முதலில் அறிவித்தனர். உலகப் பத்திரிகைகள் அதனைப் பெருந்தலைப்பிட்டு எழுதின. விமானியின் மனநிலை அச்சொற்களில் தெரிகின்றது என்று உரை கண்டோரும் உளர். மூன்று வாரங்களுக்கு மேலான பின்னர், உரையாடற் பதிவு வெளியானபோது, அதிகாலை 1.19 மணிக்குச் சொல்லப்பட்டது 'குட் நைட் மலேசியன் த்ரீ செவன் ஜீரோ' என்பதே எனத் தெரிந்தது. ஒலிநாடா கையில் இருக்கும்போதே பாடபேதம் பிறந்துவிட்டது! ஏடு பெயர்த்தெழுதுவோர் கைகளில் பல நூற்றாண்டுகள் மாறிமாறி வந்த நம் நூல்களின் பாடங்களைக் குறித்து நாம் நெற்றி சுருக்குவது போதாது என்றே எனக்குத் தோன்றியது. பிழைப்பாடத்திற்கு எழுதிய உரை மூலம் திருந்தியவுடன் காற்றில் நின்றதும் ஈண்டு எண்ணத்தக்கது.

பயணிகளுள் இருவர் திருடப்பட்ட கடவுச்சீட்டில் சென்றனர் என்பது அடுத்துக் கிளம்பிய செய்தி. அது மெய். உடனே வன்முறையாளர் செயல் என்ற துணிவு பிறந்தது. ஆராய்ந்தபோது அவர்கள் ஐரோப்பாவில் புகலிடம் நாடிச் சென்ற ஈரானிய இளைஞர் எனத் தெரிந்தது. மெய்யான செய்தியிலிருந்தே பொய்யான முடிவு பிறக்கக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. தேராது தெளிதல் என்னும் பிழைக்குச் சான்று பொய்யாயிருக்க வேண்டுமென்பதில்லை. தெளிபவர் விரைந்தால் போதும்.

கண்ணால் கண்டோரும் இருந்தனர். தென்சீனக் கடலில் எண்ணெய்த் துரப்பண மேடையில் இருந்த ஒருவர் வானில் எரியும் பொருளைக் கண்டதாக எழுதினார். மாலத்தீவின் குடா ஹுவாது தீவினர் அன்று காலை 6.15 மணியளவில் பெரிய விமானமொன்று தாழப் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார்கள். பலர் கண்டார்கள், ஒரே மாதிரிச் சொன்னார்கள். சாட்சியின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்போமாயின் இதுவே வலிய சான்று. ஆனால் மாலத்தீவில் காலை 6.15 எனில் மலேசியாவில் 9.15. விமானமோ இறுதியாகச் செயற்கைக்கோளோடு தொடர்பு கொண்டது மலேசிய நேரம் 8.19-க்கு. அதில் நிரப்பியிருந்த எரிபொருளும் ஏறக்குறைய அந்நேரத்தோடு தீரக்கூடியது. ஒரு மணி நேரத்திற்கு அண்மையான இவ்விடைவெளியை எத்தனை கண்கள் சேர்ந்தாலும் நிரப்ப இயலாது. தீவினர் ஏதோ ஒரு விமானத்தைக் கண்டிருக்கலாம், கண்டது இதுவன்று.

இதற்கு மறுதலையாக, கண்டும் உணராத கதையும் உண்டு. விமானம் வழக்கமான வழியை விட்டு மேற்கே திரும்பித் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, 2.22 மணி வரை பறந்து சென்றதை மலேசிய இராணுவ ரேடார் பதிவு செய்திருந்தது. பகை விமானம் அன்று என்று கருதி அதனைப் பொருட்படுத்தவில்லை. அதன் விளைவாக, விமானம் இல்லாத தென்சீனக் கடலில் ஒரு வாரம் தேடினர். கடற்பரப்பில் எண்ணெய்ப் படலம் தெரிந்தது, அது கப்பலுடையது; சீனச் செயற்கைக்கோள் படத்தில் மூன்று பெரும்பொருள்கள் தெரிந்தன, அவையும் விமானத்தினுடையவை அல்ல. கண்டுணராமையை ஒரு தனிப் பிழையாக வகுத்த பழைய ஆசிரியர் எவ்வளவு நுணுகி நோக்கியவர்! காணாமையைக் காட்டிலும் இது கொடிது. ஏனெனில் காட்சி கைவசம் இருக்கும்போதே தேடல் வேறு திசையில் நடக்கின்றது.

கடலடியில் கேட்ட ஒலி இன்னொன்று. கறுப்புப் பெட்டியோடு இணைந்த ஒலிக்கருவி ஏறத்தாழ 30 நாள்தான் உயிரோடிருக்கும். அக்கெடு முடியுந் தறுவாயில், ஏப்ரல் 5-ஆம் நாளும் 8-ஆம் நாளும், ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று இந்துமாக்கடலின் ஆழத்தில் துடிப்பொலிகளைக் கேட்டது. ஆஸ்திரேலியப் பிரதமரே நம்பிக்கை தெரிவித்தார். மே மாத இறுதியில் அவ்விடம் முழுதும் துருவிப் பார்த்து, அங்கு விமானம் இல்லை என அந்நாட்டுப் புலனாய்வாளரே அறிவித்தனர். கேட்க விரும்பியதைக் கேட்கும் காது மனிதர்க்கு மட்டுமன்று, மனிதர் செய்த கருவிகளுக்கும் உண்டு போலும்.

இவ்வளவு பேரிரைச்சலுக்கும் நடுவே மெய்ச்சான்றாக நின்றது மிக எளிய ஒன்று. விமானத்திலிருந்த கருவி மணிக்கொருமுறை செயற்கைக்கோளுக்கு 'இருக்கின்றேன்' என்று மட்டும் விடையளித்துக்கொண்டிருந்தது. எங்கே, எப்படி, ஏன் என எதனையும் அது சொல்லவில்லை. அவ்விடைகள் வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தையும் அலையெண்ணில் நேர்ந்த சிறு மாற்றத்தையும் கணித்து, விமானம் தென் இந்துமாக்கடலில் முடிந்தது என்று கருதினர். காண்டல் கைவிட்ட இடத்தில் கருதல் துணைநின்றது. 2015 சூலை 29-இல் ரெயூனியன் தீவின் கரையில் இறக்கைப் பகுதி ஒன்று ஒதுங்கியதும் அக்கருத்தோடு பொருந்தியது. அத்துண்டைக் குறித்து மலேசியப் பிரதமர் ஒரு வாரத்திலேயே ஐயமற உறுதியாயிற்று என்றார். பிரெஞ்சு வழக்குத் தொடுநரோ 'மிக வலிய ஊகம்' என்று மட்டும் சொல்லி, உள்ளே பொறித்திருந்த எண்ணைச் செய்த நிறுவனத்தின் ஏட்டோடு ஒப்பிட்ட பின்னர் செப்டம்பர் 3-இல்தான் உறுதி செய்தார். இருவரும் சொன்னது ஒன்றே. இருவரும் சொன்ன நேரம் வேறு. முன்னவர் முடிவு சரியாயிற்று என்பதனால் அவர் சென்ற வழி சரியாகிவிடாது.

சரிகையை உரைத்துப் பார்த்து வாங்கும் ஊரினர் நாம். வெள்ளியின் அளவையும் செம்பின் அளவையும் தனித்தனியே சொல்வதே உரைப்பதன் பயன். சான்றிலும் அவ்வாறே, ஒரே வாய்மொழியில் ஒரு பகுதி வெள்ளியாகவும் மறுபகுதி செம்பாகவும் இருத்தல் கூடும். இதனைக் காட்டுவதற்கு நம் இனத்தாரின் துயர் நிகழ்ச்சியொன்றைத் தயக்கத்தோடே சொல்கின்றேன். 1998 செப்டம்பர் 29-இல் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் நிறுவனத்தின் அந்தோனொவ் விமானம் சில நிமிடங்களில் மன்னார்ப் பக்கத்துக் கடலின்மேல் மறைந்தது. 55 பேர் அதில் இருந்தனர். பயணிகள் 48 பேரும் பெரும்பாலும் தமிழர். தரைவழி அடைபட்டிருந்த காலம் அது. காற்றழுத்தக் குறைவை விமானி தெரிவித்ததாக ஒரு செய்தி, விடுதலைப் புலிகள் சுட்டு வீழ்த்தினர் என்ற குற்றச்சாட்டு மற்றொன்று, அவர்கள் பொறுப்பேற்கவில்லை. போரிடும் இரு தரப்பினரும் செய்தி சொல்லும்போது ஆகமம் என்னும் அளவைக்கு இடமில்லாமற் போகின்றது. நம்பத்தகுந்தோன் உரையே ஆகமம். அங்கே ஒவ்வொரு நாவுக்கும் ஒரு பக்கம் உண்டு.

போர் முடிந்த பின்னர், காவலில் இருந்த முன்னாட் போராளி ஒருவர் சொன்ன தகவலைத் தொடர்ந்து, 2012-இல் இரணைதீவுக்கு அருகே கடலடியில் விமானத்தின் சிதைவைக் கடற்படையினர் கண்டனர். காவலில் இருப்பவர் சொல் தன்னளவில் எடை குறைந்தது; எக்காலத்தும் எந்நாட்டிலும் அப்படியே. ஆயினும் அச்சொல் சுட்டிய இடத்தில் பொருள் கிடந்தது. அவ்வளவில், விமானம் எங்கே என்பதற்கு அச்சொல் வலிமை பெற்றுவிட்டது. ஆனால் யார் ஆணையிட்டார், எந்த எண்ணத்தோடு என்று அவர் சொன்ன ஏனைய செய்திகளுக்கு அவ்வலிமை தானாகவே பரவிவிடாது. அவற்றிற்கு வேறு சான்று வேண்டும். கடலடியில் கிடந்த உலோகம் ஒரு வினாவிற்கு மட்டுமே விடை சொல்கின்றது.

தாம்பரம் விமானத்திற்குத் திரும்புவோம். கப்பல்களும் விமானங்களும் பல வாரம் தேடின. அவ்விடத்துக் கடலாழம் மூவாயிரம் மீட்டருக்கும் மிகுதி. செப்டம்பர் 15-இல், அதாவது 55 நாள் கழித்து, 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுகின்றனர் என்று குடும்பத்தார்க்கு அறிவிக்கப்பட்டது. 'இறந்தனர்' என்பதற்கும் 'இறந்ததாகக் கருதப்படுகின்றனர்' என்பதற்கும் உள்ள வேறுபாடு இலக்கணம் கற்றோர்க்குச் சிறிது. அக்கடிதத்தைப் பெற்ற மனைவிக்கும் தாய்க்கும் அதுவே உலகம். ஏழாண்டு செய்தியில்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. அச்சட்டத்தின் இடத்தில் 2024 முதல் வந்துள்ள புதிய சட்டத்திலும் இவ்விதி தொடர்கின்றது. இன்மை தானே சான்றாவதற்குச் சட்டம் ஏழாண்டு கேட்கின்றது. இங்கே 55 நாளில் அம்முடிவுக்கு வர இயன்றது எதனால்? வெறும் இன்மையன்று, இறுதியாகத் தெரிந்த அந்தப் புள்ளி, அதன் உயர இழப்பு, கீழே ஆழ்கடல் ஆகிய மூன்றும் இன்மையோடு சேர்ந்ததனால். அம்முடிவு தக்கதே என்று நான் கருதுகின்றேன். கைப்பேசி மணியைக் கேட்ட வீட்டார் அதனை ஏற்கத் தயங்கியதும் தக்கதே. சான்றை நிறுப்பவன் அவர்களுடைய மணியோசையைத் தட்டில் வைக்க இயலாது; அதற்காக அவர்களைப் பேதையர் எனல் அளவை நூல் கற்ற செருக்கேயாம்.

ஏழரை ஆண்டு கழிந்தது. 2024 சனவரி 12-இல் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி ஒன்று 3,400 மீட்டர் ஆழத்தில், ஒலியலைக் கருவிகளாலும் ஒளிப்படத்தாலும், நொறுங்கிய விமானத்தின் சிதைவுகளைப் பதிவு செய்தது என்பது செய்தி. படங்கள் ஏ.என்.-32 வகையோடு பொருந்துகின்றன. அப்பகுதியில் வேறெந்த விமானமும் காணாமற்போனதாக வரலாறு இல்லை. ஆகவே இச்சிதைவு அவ்விமானத்தினுடையதாக இருக்கலாம் என்று அறிக்கை முடிகின்றது.

அரசு அறிக்கைகளைச் சுவைத்துப் படிக்கும் வழக்கம் எனக்கில்லை. இதனை மட்டும் பலமுறை படித்தேன். மூன்று படியாக இயங்கும் இவ்வாதத்தின் நடுப்படி, சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் 'ஒழிபு' என்று பெயரிட்டு எண்ணும் அளவையன்றி வேறில்லை: பிறவற்றிற்கு இடமில்லையென ஒழித்தபின் எஞ்சுவதைக் கொள்ளுதல். வேறு விமானம் அங்கு இல்லை, ஆகவே இதுவே. ஒழித்த பட்டியல் முழுமையானதா என்பதைப் பொறுத்தே ஒழிபளவையின் வலிமை அமையும். அந்த நுணுக்கத்தை அறிந்துதான் 'இருக்கலாம்' என்ற சொல்லை எழுதியோர் பெய்திருக்கின்றனர். மறுநாட் செய்தித்தாள்களின் தலைப்புகள் பலவற்றில் அச்சொல் காணப்படவில்லை. 'விமானம் கிடைத்தது' என்பது தலைப்பிற்கு ஏற்ற நீளமல்லவா!

அவ்வறிக்கையிலும் ஒரு முடிச்சு உண்டு. சிதைவு கிடந்த இடம் சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல், ஏறத்தாழ 310 கிலோமீட்டர் என்று அதில் எழுதியுள்ளது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 140 கடல் மைல் எனில் ஏறத்தாழ 259 கிலோமீட்டரே ஆகும். 310 கிலோமீட்டர் எனில் 167 கடல் மைல். இரண்டில் ஒன்றே சரியாக இருத்தல் கூடும். ரேடாரில் இறுதியாகக் கண்ட இடம் 151 கடல் மைல் என்பதை மேலே கண்டோம். முதலெண்ணைக் கொண்டால் சிதைவு அதற்கு இப்பால், இரண்டாம் எண்ணைக் கொண்டால் அப்பால். விமானம் இடப்புறம் திரும்பிய பின் எவ்வழி வீழ்ந்தது என்று கணிக்க முயல்வார்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. ஏடெழுதியவர் கைப்பிழை என விட்டுவிடாமல், எவ்வெண் மூலம், எவ்வெண் பெயர்ப்பு என்று பதிப்பாசிரியர் கேட்பதுபோல் இதனையும் கேட்கத்தான் வேண்டும். நான் அறிந்தவரை அதனைக் கேட்டெழுதியோர் மிகச் சிலரே.

எம்.எச்.370 விமானத்தைத் தேடி 1,20,000 சதுர கிலோமீட்டர்க் கடலடியைத் துருவிய பணி 2017 சனவரியில் நிறுத்தப்பட்டது. 2018-இலும் 2025-இலும் மீண்டும் முயன்றனர். 2018 சூலையில் வெளிவந்த மலேசிய அறிக்கை, காரணத்தை உறுதியாகக் கூற இயலவில்லை என்றே சொன்னது. வங்கக்கடலிலோ இடம் ஒருவாறு தெரிந்துவிட்டது. 23,000 அடியில் அக்காலை 9.12 மணிக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு மட்டும், 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த ஒளிப்படங்களில் விடையில்லை.